ஊர்க் கூடத்துக்குக் கூரை மாற்றப் பணம் எங்கே கிடைக்கும்?

கோத்தகிரிக்குக் கீழே 120 வீடுகள் உள்ள ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1986இல் கட்டிய சமுதாயக்கூடம். கூரை ஷீட் ஒழுகுகிறது, பின்சுவர் வருஷம் பூராவும் ஈரமாக இருக்கிறது, தரை பெயர்ந்துவிட்டது. மேஸ்திரி பார்த்துவிட்டு 9 லட்சம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். "ஊரில் வசூல் பண்ணுவதா, எம்எல்ஏ நிதி கேட்பதா, இணையத்தில் நன்கொடை திரட்டுவதா? எதில் ஆரம்பிப்பது?" இதுதான் கேள்வி.

நான் நீலகிரியில் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சமுதாயக்கூடம் என்று நிறைய கட்டிடங்களுக்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறேன், அளவு புத்தகம் எழுதியிருக்கிறேன். அதனால் பணத்தைப் பற்றிப் பேசும் முன்னால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் கூடம் காகிதத்தில் யாருடையது?

"ஊருடையதுதான்" என்று எல்லோரும் சொல்வார்கள். அரசாங்கத்தில் "ஊர்" என்று ஒரு கணக்குத் தலைப்பு கிடையாது. அது ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறிய கட்டிடமாக இருக்கலாம். ஊர்க்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து தங்கள் பட்டா இடத்தில் கட்டியதாக இருக்கலாம். கோயில் இடத்திலோ, தோட்டக் கம்பெனி வாய்மொழியாக விட்டுக்கொடுத்த இடத்திலோ நிற்கலாம். கூடலூர்ப் பக்கமாக இருந்தால் பிரிவு 17 நிலம் என்று ஒரு தனிச் சிக்கல். 1969ஆம் வருஷத்து ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தில் உரிமை யாருக்கு என்று தீராமல் நிற்கும் நிலத்தின் விவகாரம் அது. அந்த நிலத்தில் நிற்கும் கட்டிடத்துக்கு அரசுப் பணம் வாங்குவது மிகவும் கஷ்டம். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் குடியிருப்புகளிலும் இடம் யாருடையது என்ற கேள்வி முதலிலேயே குறுக்கே வரும். இப்படி ஒவ்வொன்றுக்கும் திறக்கிற கதவு வேறு. இது தெரியாமல் மனு எழுதினால் ஆறு மாதம் கழித்து "இடம் ஊராட்சிக்குச் சொந்தமானதல்ல" என்ற ஒரே வரியோடு திரும்பி வரும். அப்படித் திரும்பிய மனுக்களை என் மேஜையிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதல் வாரத்தில் இடத்தின் புல எண்ணை, அதாவது சர்வே நம்பரை, கண்டுபிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டின் நகலும் நில வரைபடமும் வருவாய்த் துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். அப்புறம் ஊராட்சி அலுவலகத்தில் சொத்துப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம், "எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடம் பதிவேட்டில் எந்த எண்ணில் உள்ளது, எந்தத் திட்டத்தில் கட்டப்பட்டது, கடைசியாக எப்போது பழுது பார்க்கப்பட்டது" என்ற மூன்று கேள்வி போதும்.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் ஊர் ஊராட்சியில் இருக்கிறதா, பேரூராட்சியில் இருக்கிறதா? கீழ்நாட்டில் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். நீலகிரியில் கேத்தி, சோலூர், ஜெகதளா, உலிக்கல், அதிகரட்டி, பிக்கட்டி, கீழ்குந்தா எல்லாமே பேரூராட்சிகள். பார்த்தால் தேயிலையும் காய்கறித் தோட்டமும் நடுவில் ஹட்டிகள் என்கிற படுகர் ஊர்களும்தான், ஆனால் சட்டப்படி அவை நகர்ப்புற உள்ளாட்சி. அங்கே ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்துப் பிரயோசனம் இல்லை. செயல் அலுவலரைத்தான் பார்க்க வேண்டும். ஊராட்சியாக இருந்தால் இன்னொரு விஷயம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. இன்றைக்கு உங்கள் ஊராட்சியில் கையெழுத்துப் போடும் இடத்தில் யார் இருக்கிறார் என்று விசாரித்துவிட்டு அவர் பெயருக்கே மனு எழுதுங்கள்.

சரி, இனி பணம். கூடம் ஊராட்சிச் சொத்து என்று வைத்துக்கொள்கிறேன், 1986இல் கட்டியது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். உங்கள் நிலைமைக்கு முதலில் நான் சொல்வது 'நமக்கு நாமே' திட்டம். 1997-98இல் வந்தது, 2011க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது, 2021இல் மறுபடி பழைய பெயருக்கே வந்தது. பெயர் எதுவானாலும் அடிப்படை மாறவில்லை. எஸ்டிமேட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், மீதி அரசு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு போதும். மக்கள் பங்கு பாதிக்கு மேல் போனால் டெண்டர் விடாமல் நீங்களே வேலையை எடுத்துச் செய்யவும் வழி இருக்கிறது. பங்குத்தொகையை ஊர்க்காரர்தான் தர வேண்டும் என்றும் இல்லை. கம்பெனி கொடுக்கலாம், சங்கம் கொடுக்கலாம், வெளியூரில் இருக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கொடுக்கலாம்.

9 லட்சத்துக்கு மூன்றில் ஒன்று 3 லட்சம். 120 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 2,500 ரூபாய். கேட்கச் சின்னத் தொகைதான். பச்சைத் தேயிலைக் கிலோ 15 ரூபாய் என்று வைத்தால் 160 கிலோவுக்கு மேல் இலை பறித்துப் போட்டால்தான் அந்த 2,500 கையில் வரும். அதிலும் உரக் கடன், ஆள் கூலி போக வேண்டும். வீட்டுக்கு வீடு ஒரே தொகை என்று தீர்மானம் போட்டுவிட்டு, கட்ட முடியாதவர்களின் பெயரை ஊர் நடுவில் வாசிக்கிற வழக்கம் சில ஊர்களில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாலு மாதத் தவணையாகக் கேளுங்கள். இலை அதிகமாக வருகிற மாதங்களில், ஃபேக்டரி பில் பணம் வந்த வாரத்தில் கேளுங்கள். கூலி வேலைக்குப் போகிற வீடுகள் பணத்துக்குப் பதில் இரண்டு நாள் ஆள் வேலை தரட்டும். பழைய ஷீட்டை இறக்குவதற்கும், மண் வெட்டுவதற்கும், மணல் சுமப்பதற்கும் ஆள் தேவைதானே. ஆனால் அந்த உழைப்பை 'நமக்கு நாமே' பங்காகக் காட்டலாம் என்று நினைக்க வேண்டாம், பங்கைப் பணமாகத்தான் கட்ட வேண்டும். உழைப்பை ஊர்க் கணக்கில் தனியாக எழுதி வையுங்கள்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஆர்வத்தில் வேலையை ஆரம்பித்துவிட்டு அப்புறம் மனுவோடு வருவார்கள். நிர்வாக அனுமதி வரும் முன்னால் தொடங்கிய வேலைக்கு அரசுப் பணம் வராது. அதனால் உங்கள் வேலையை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். மழைக்கு முன்னால் செய்தே ஆக வேண்டியது ஒன்று, அரசுப் பணத்துக்காகக் காத்திருக்கக் கூடியது ஒன்று. முதலாவதை முழுக்க ஊர்ப் பணத்தில் முடியுங்கள். அது எஸ்டிமேட்டில் வரக் கூடாது. இரண்டாவதைத் தொடவே தொடாதீர்கள்.

எது முதலில்? தண்ணீர். உங்கள் பின்சுவர் ஏன் எப்போதும் ஈரம் என்று யாராவது பின்னால் போய்ப் பார்த்தீர்களா? மலையில் கட்டிய கூடங்களில் முக்கால்வாசிக்கு ஒரே நோய்தான். சரிவை வெட்டிச் சமப்படுத்திக் கட்டியிருப்பார்கள். கட்டும்போது சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவே மூன்றடி இடம் விட்டிருப்பார்கள். நாற்பது வருஷத்தில் மேலிருந்து மண் சரிந்து சரிந்து அந்த இடம் தூர்ந்து, இப்போது மண் சுவரில் சாய்ந்து கிடக்கும். மழை பெய்தால் மலைத் தண்ணீர் நேராகச் சுவருக்குள் இறங்கும். உள்ளே இடுப்பு உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்து, பெயின்ட் தோல் உரிந்து நிற்கும். அதைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசி, விலை அதிகமான வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் ஒரு வருஷம் பளபளவென்று இருக்கும், அடுத்த ஐப்பசியில் பழையபடி ஆகிவிடும். பழைய சுவர் மண் சாந்தில் கட்டிய கல் சுவராக இருந்தால் இன்னும் மோசம். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரே உப்பிவிடும். அந்த மண்ணை ஆள் வைத்து வெட்டி எடுத்து, சுவரோரம் ஒரு வடிகால் போட்டுத் தண்ணீரை ஓரமாகத் திருப்பிவிடுங்கள். ஜேசிபியைக் கூப்பிட்டுவிடாதீர்கள். நீலகிரியில் அனுமதி இல்லாமல் அதை ஓட்ட முடியாது, மேலே உள்ள சரிவும் ஆட்டம் கண்டுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, மேலிருந்து கீழாக, வெயில் நாளில் வெட்ட வேண்டும்.

அடுத்தது கூரை. ஒழுகுவது ஷீட்டா, ஆணியா என்று பாருங்கள். ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே-போல்ட்டின் நட்டுக்கு அடியில் ஒரு கறுப்பு வாஷர் இருக்கும். வெயிலிலும் பனியிலும் காய்ந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கிவிடும். மழைத் தண்ணீர் போல்ட் வழியாக இறங்கி, ஷீட்டைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பரில் ஊறி, அங்கிருந்து நாலடி தள்ளிச் சொட்டும். நாமோ, தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு மேலே இருக்கும் ஷீட்டில் தாரைப் பூசிவிட்டு இறங்கிவருவோம். நூறு வாஷர் மாற்றியதிலேயே ஒழுகல் நின்றுபோன கூடம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன், ஷீட் மாற்றவே தேவைப்படவில்லை. அதனால் மேஸ்திரி சொன்ன 9 லட்சத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒருவரை மேலே ஏற்றி ஒவ்வொரு போல்ட்டாகப் பார்க்கச் சொல்லுங்கள். ரீப்பர் மரம் உளுத்திருந்தால் வேறு வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். 1986 கூரை என்றால் ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். இறக்கும்போது உடைக்காதீர்கள், நனைத்து முழுசாக இறக்குங்கள், மூக்கை நன்றாக மூடிக்கொண்டு செய்யுங்கள். அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

எங்கள் காலத்தில் ஓர் ஊரில் நடந்தது. வெளியூரில் நன்றாக இருக்கும் ஒருவர் கூடத்துக்கு டைல்ஸ் போட்டுத் தருகிறேன் என்றார். ஊரே சந்தோஷப்பட்டது. வாசலில் அவர் அப்பா பெயரில் கல்வெட்டும் வைத்தார்கள். கூரையை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு மழை முடிவதற்குள் டைல்ஸ் அடியில் தண்ணீர் இறங்கி, நடந்தால் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. அடுத்த கல்யாணத்தில் பந்தி பரிமாறிய பையன் தூக்கிய டைல்ஸில் தடுக்கிச் சாம்பார் வாளியோடு விழுந்தான். காலில் கொப்புளம், ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. நன்கொடையாளருக்குத் தரையும் பெயின்ட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வடிகாலுக்கும் வாஷருக்கும் பெயர்ப் பலகை வைக்க முடியாது. அதனால் அவற்றை ஊர்ப் பணத்தில் செய்யுங்கள் என்று சொல்கிறேன். தரையை யாராவது கொடுக்க முன்வருவார்கள்.

எம்எல்ஏ நிதி பற்றிக் கேட்டீர்கள். தொகுதிக்கு வருஷம் 3 கோடி ரூபாய். எம்பி நிதி வருஷம் 5 கோடி, அதில் 15 சதவீதம் ஆதிதிராவிடர் பகுதிக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கும் போக வேண்டும். இரண்டுமே பெரும்பாலும் புதுக் கட்டிடம், நிலைத்து நிற்கும் சொத்து என்ற நோக்கில் போகிற பணம். சும்மா "பழுதுபார்ப்பு" என்று மனு கொடுத்தால் எடுபடாது. கூடத்தோடு சேர்த்துச் சமையல் கட்டு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி என்று புதிதாகக் கட்ட வேண்டியது இருந்தால் அதற்கு அங்கே கேளுங்கள். ஊராட்சிக்கு வரும் மத்திய நிதிக்குழு மானியத்துக்கு வந்தால், 2025-26 வரைக்குமான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணமாக இருந்தது, மீதி 40தான் ஊராட்சி விருப்பப்படி செலவழிக்கக் கூடியது. விருப்பப்படி செலவழிக்கும் பங்குக்கு நாலைந்து குக்கிராமங்கள் போட்டி போடும். கழிப்பறையைச் சுகாதாரத்துக்கான பங்கில் கேட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். நீலகிரிக்கு 1975-76இலிருந்து மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று தனியாக ஒன்று உண்டு. மண் அரிப்பு, தடுப்புச்சுவர் என்று பேசினால் காது கொடுக்கிற இடம் அது. உங்கள் பின்பக்கச் சரிவுக்கு நிரந்தரத் தடுப்புச்சுவர் வேண்டுமென்றால் ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனு நாளில் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், கோத்தர், தோடர் குடியிருப்பு என்றால் வழியே வேறு. 2023 நவம்பரில் தொடங்கிய பிஎம்-ஜன்மன் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் பன்னோக்கு மையம் கட்டவே 2025-26 வரைக்கும் என்று தனி ஒதுக்கீடு வைத்தார்கள், மாநிலத்தில் 'தொல்குடி' திட்டமும் உண்டு.

எந்தத் திட்டமானாலும் கிராமசபைத் தீர்மானம் கையில் இல்லாமல் போகாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்தில் ஆறு நாள். "சமுதாயக்கூடத்தைச் சீரமைக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் போதாது. புல எண், கட்டிடத்தின் அளவு, என்ன வேலை, மக்கள் பங்கு எவ்வளவு எல்லாம் தீர்மான வாசகத்திலேயே இருக்கட்டும். உங்கள் ஊரிலிருந்து நாற்பது பேராவது போய் உட்காருங்கள், பெண்கள் கண்டிப்பாக. கூடத்தில் சமைக்கிறவர்களும் கூட்டிப் பெருக்குகிறவர்களும் அவர்கள்தான். எங்கே தண்ணீர் தேங்கும், எந்த ஜன்னல் சாத்தாது என்று அவர்களுக்குத்தான் தெரியும். தீர்மான நகலை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

அதற்கப்புறம் ஒன்றியப் பொறியாளர் வந்து அளந்து எஸ்டிமேட் போடுவார். மேஸ்திரி 9 லட்சம் சொன்னதை அவர் 11, 12 என்று போட்டால் சந்தேகப்படாதீர்கள். பொதுப்பணித்துறை விலை விகிதம், மலைப்பகுதிக்கான கூடுதல், 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் அதில் சேரும். அதற்கேற்ப உங்கள் மூன்றில் ஒரு பங்கும் ஏறும். வசூலைத் திட்டமிடும்போதே 4 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரையை உயர்த்தலாம், மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்ற ஆசை யாருக்காவது வரும். இருக்கிற அளவைத் தாண்டினால் மலைப்பகுதிக் கட்டிட விதிகள், அனுமதி என்று வருஷக்கணக்கில் இழுக்கும். இருக்கிற அளவிலேயே பழுது பார்ப்பதற்கும் உள்ளாட்சியில் எழுத்துமூலம் அனுமதி வாங்கி வையுங்கள்.

இணையத்தில் திரட்டலாம், தப்பில்லை. ஆனால் யார் கணக்கில்? ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் லட்சக்கணக்கில் வந்து விழுந்தால் நாளைக்கு வருமான வரியும் ஊர்ப் பேச்சும் அவர் தலையில்தான். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கம் பதியலாம். பான் எண் எடுத்து, மூவரில் இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று கணக்குத் தொடங்குங்கள். வருஷா வருஷம் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அதை விட்டுவிட்டால் சங்கம் செயல்படாத பட்டியலில் போய்விடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் ஜாக்கிரதை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை செய்கிறவர் தன் சம்பளத்திலிருந்து அனுப்புவதில் பிரச்சினை இல்லை. கனடா குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்குரிய பதிவு இல்லாத சங்கம் வாங்கவே கூடாது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி கேட்பதானால், 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் வருமான வரிப் பதிவுகளையும், கம்பெனிப் பதிவுத் துறையில் செய்யும் சிஎஸ்ஆர்-1 பதிவையும் கேட்பார்கள். புதுச் சங்கத்துக்கு அது உடனே அமையாது. அதைவிட "நமக்கு நாமே பங்குத்தொகையில் ஒரு பகுதியை நீங்கள் கட்டுங்கள்" என்று கேட்பது இருவருக்கும் சுலபம்.

சீட்டில் மட்டும் கூடத்துப் பணத்தைப் போடாதீர்கள். "சும்மாதானே கிடக்கிறது, ஏலச்சீட்டில் போட்டால் பெருகும்" என்று யாராவது நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். ஓர் ஊரில் அப்படிப் போய், பத்து வருஷம் அங்கே எந்தப் பொது வசூலும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா கூடத்துச் சுவரில் கரும்பலகை மாட்டி, ஒவ்வொரு ஞாயிறும் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, பில் எண் இது என்று சாக்பீஸால் எழுத ஆரம்பித்தார். முதல் மாதம் பதினொரு வீடுதான் கொடுத்தது. நாலாவது மாதம் இலை பறிக்கப் போகும் ஒரு பாட்டி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த 500 ரூபாயைக் கொண்டுவந்து, "போர்டுல என் பேரை எழுது கண்ணு, நான் படிக்கத் தெரியாதவ, ஆனா என் பேரு எனக்குத் தெரியும்" என்றார். அந்த வருஷமே பங்குத்தொகை முழுசாகச் சேர்ந்தது.

வேலை முடிந்த பிறகும் கல்யாணத்துக்கு இவ்வளவு, காதுகுத்துக்கு இவ்வளவு என்று வாடகை வைத்து, அதில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். கூடம் ஊராட்சிச் சொத்து என்றால் வாடகையை யார் வசூலிப்பது என்று ஊராட்சியோடு எழுத்தில் பேசி முடியுங்கள். சாவு வீட்டுக்கு வாடகை வாங்க வேண்டாம், அதை எந்த ஊரிலும் நான் சொல்லிவிடுவேன்.

கோத்தகிரிப் பக்கம் பெருமழை அக்டோபரில்தான் வரும், கூடலூர் மாதிரி ஜூனில் இல்லை. அதனால் மண் வெட்டவும் வாஷர் மாற்றவும் உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மார்ச் 22 கிராமசபையில் தீர்மானத்தை வையுங்கள். அதற்கு முன்னால் கூடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கூரையைப் படம் எடுக்கும்போது மட்டும் பகல் பன்னிரண்டு மணிக்கு, கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு உள்ளே நின்று எடுங்கள். எந்தப் போல்ட் ஓட்டையில் வெளிச்சம் வருகிறது என்று தெரியும்.